உப்புத் தண்ணியில் கார்டினல் டெட்ரா: ஜிஎச் 18, கேஎச் 12. என்ன செய்யலாம்?

புதுத்தொட்டி

எல்லாருக்கும் வணக்கம். 120 லிட்டர் மீன் தொட்டி, வச்சு அஞ்சு வாரம் ஆகுது. பத்து நாளைக்கு முன்னாடி 12 கார்டினல் டெட்ரா மீன் விட்டேன். இன்னைக்குக் காலையோட 5 போயிடுச்சு. உடம்புல புண் இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை. முதல் நாள் அந்தச் சிவப்புப் பட்டை மங்குது, கூட்டத்தை விட்டு விலகி ஃபில்டர் வாய்ப்பக்கம் மேலே நிக்குது, மறுநாள் காலையில கிடக்குது. ரொம்ப வேதனையா இருக்கு.

எங்க குழாயில் வர்றது உப்புத் தண்ணி. சோப்பு சரியா நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையா படிஞ்சு கிடக்கும். சொட்டு டெஸ்ட் கிட்டில் பார்த்தேன்: ஜிஎச் 18, கேஎச் 12, பிஎச் 8.2. தண்ணியில கரைஞ்சிருக்கிறதை மொத்தமா அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 540 காட்டுது. கார்டினலுக்கு பிஎச் 6-லிருந்து 7 வேணும்னு படிச்சதால பிஎச் குறைக்கிற திரவம் தினமும் விடுறேன். ராத்திரி விட்டதும் 7.0 வருது, காலையில பார்த்தா 7.9-க்கு ஏறியிருக்கு. டோஸைக் கூட்டணுமா?

ஆழ்நீர்

தம்பி, முதலில் அந்த பாட்டிலை மூடி எடுத்து வையுங்கள். கூட்ட வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள்.

காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஜிஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். கேஎச் என்பது பைகார்பனேட், அதாவது அமிலத்தை வாங்கிச் செரித்துவிடும் சக்தி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உங்கள் கேஎச் 12, அதாவது லிட்டருக்கு 210 மில்லிகிராமுக்கும் மேல். நீங்கள் விடும் அமிலம் அதில் கொஞ்சத்தைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வாயு தண்ணீரில் இருக்கும்வரை பிஎச் இறங்கியிருக்கும். இரவு முழுக்க ஃபில்டர் மேல்மட்டத்தைக் கலக்கி வாயுவை வெளியேற்றியதும் பிஎச் பழைய இடத்துக்கே போய்விடும். நீங்கள் காலையில் பார்க்கும் 7.9 அதுதான்.

ஆக மீன்கள் தினமும் ஒரு முறை 7-க்கும் 8-க்கும் இடையே ஏறி இறங்குகின்றன. நிலையான 8.2-ஐ விட இது மோசம். இப்படியே போனால் ஒருநாள் கேஎச் தீர்ந்துபோகும், அன்றைக்கு விடும் அதே டோஸில் பிஎச் கல்லைப் போட்டதுபோல் விழும்.

இன்னும் இரண்டு கேள்வி. தொட்டித் தண்ணீரின் ஜிஎச், கேஎச் என்ன? நீங்கள் சொன்னது குழாய்த் தண்ணீரின் அளவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட் பார்த்தீர்களா? அஞ்சு வாரத் தொட்டி என்பதால் கேட்கிறேன்.

செதில்

நானும் உப்புத் தண்ணிக்காரன்தான். தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சு ஊத்துங்க, பாத்திரத்தின் அடியில் உப்பெல்லாம் படிஞ்சிடும். கூடவே நாலு நாட்டுவாதுமை இலையைக் காயவச்சுப் போடுங்க. தண்ணி டீ நிறத்துக்கு வரும், பிஎச் தன்னால இறங்கும். என்கிட்ட ஜிஎச் 16 டிகிரி தண்ணியில கார்டினல் மூணு வருஷமா நல்லா இருக்கு.

ஆழ்நீர்

செதில், காய்ச்சுவது பாதி சரி. காய்ச்சும்போது கால்சியம் பைகார்பனேட் உடைந்து கார்பனேட்டாகப் படியும். பாத்திரத்தின் அடியில் வரும் வெள்ளை அதுதான். ஆனால் அப்படிப் போவது கேஎச்சோடு சேர்ந்த தற்காலிகக் கடினத்தன்மை மட்டும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் கால்சியத்துக்கு ஒன்றும் ஆகாது. இவருடைய 18-ல் 12 தற்காலிகம், 6 நிரந்தரம் என்று வையுங்கள். எவ்வளவு காய்ச்சினாலும் 6-க்குக் கீழே போகாது, நடைமுறையில் 6 வரைகூட வராது. வாரம் 30, 40 லிட்டர் காய்ச்சும் எரிபொருளையும் நேரத்தையும் யோசியுங்கள்.

வாதுமை இலை எனக்கும் பிடிக்கும். அதன் டானின் மீனுக்கு நல்லது, பூஞ்சையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஆனால் கேஎச் 12 இருக்கும் தண்ணீரில் நாலு இலை பிஎச்சை அசைக்காது. நிறம் மாறும், அவ்வளவுதான். கேஎச் 2, 3 இருக்கும் தண்ணீரில் அதே இலை நன்றாக வேலை செய்யும்.

நீர்ப்பூ

புதுத்தொட்டி, ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கலாம். நம்ம வாயில் "உப்புத் தண்ணி"னு வந்துட்டதால நிறைய பேர் இதைச் சோத்துப்பு மாதிரி நினைச்சுக்கறாங்க. இங்கே இருக்கிறது பெரும்பாலும் சுண்ணாம்பு. டிடிஎஸ் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது மின்சாரம் எவ்வளவு கடக்குதுன்னு பார்த்து ஒரு எண்ணைச் சொல்லும். 540-ல் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவுன்னு சொல்லாது. அதனால நீங்க சொட்டு டெஸ்ட் பண்ணினது ரொம்ப நல்லது.

அந்த டெஸ்ட்டையும் நிதானமா பண்ணுங்க. 5 மில்லி தண்ணி, ஒரு சொட்டு, மூடி, தலைகீழாக் கவிழ்த்து, அப்புறம்தான் அடுத்த சொட்டு. பாட்டிலை நேரா நிமிர்த்திப் பிடிச்சு விடணும். சாய்ச்சா சொட்டு சின்னதாகி எண்ணிக்கை கூடிடும். என் கிட்டில் ஜிஎச்சுக்கு ஆரஞ்சு பச்சையாகும், கேஎச்சுக்கு நீலம் மஞ்சளாகும். மாறுறது ஒரே சொட்டில் பளிச்சுனு நடக்கும். வெள்ளைத் தாளைப் பின்னாடி வச்சுப் பாருங்க. கடினம் குறைவான தண்ணிக்கு 10 மில்லி எடுத்தா ஒவ்வொரு சொட்டும் அரை டிகிரி.

தொட்டிக்குள்ள என்ன கல் போட்டிருக்கீங்க?

புதுத்தொட்டி

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. இப்பதான் தொட்டித் தண்ணியைப் பார்த்தேன். ஜிஎச் 22! கேஎச் 9. டிடிஎஸ் 690. குழாயை விட ஜிஎச் கூடியிருக்கு, கேஎச் குறைஞ்சிருக்கு, எனக்குப் புரியல. அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25. பாட்டிலை நேத்தே நிறுத்திட்டேன்.

கல் நாலு இருக்கு, சாம்பல் நிறம், வெள்ளைக் கோடு ஓடும், துளைத்துளையா அழகா இருக்கும். தண்ணி தினமும் வத்துறதுக்குக் குழாய்த் தண்ணியே ஊத்திக்கிட்டு வர்றேன்.

ஆழ்நீர்

இப்போது எல்லாம் பொருந்தி வருகிறது.

முதலில் அம்மோனியா. கடின நீரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். உங்கள் மீன்களைக் கொன்றதில் பெரிய பங்கு இதற்கு என்றுதான் நினைக்கிறேன். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் விஷம் என்பது அயனியாகாத பகுதி. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி 1 சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம். அதே 0.5 மென்னீர்த் தொட்டியில் கவலை, உங்கள் தொட்டியில் ஆபத்து. கடின நீர் வைத்திருப்பவர்கள் தொட்டியைப் பழக்காமல், அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளரும் முன், மீன் விடவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இன்றே 40 சதவீதம் மாற்றுங்கள். குளோரின் நீக்கி போட்ட சாதாரண குழாய்த் தண்ணீரே போதும், அதன் ஜிஎச் உங்கள் தொட்டிக்கு நெருக்கமானது. தீனியைப் பாதியாக்குங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்.

இரண்டாவது, ஜிஎச் ஏறி கேஎச் இறங்கியது. உங்கள் கல் சுண்ணாம்புக்கல்லாக இருக்க வேண்டும். பிஎச் 8.2-ல் உள்ள கடின நீரில் சுண்ணாம்புக்கல் பெரிதாகக் கரையாது. நீங்கள் அமிலம் விட்டதும் கல் கரைந்து கால்சியத்தைத் தண்ணீரில் விடுகிறது. அமிலம் பைகார்பனேட்டையும் தின்கிறது. கால்சியம் மிச்சம், கேஎச் நஷ்டம். இதோடு தினமும் வற்றியதற்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் புது உப்பை ஊற்றினால் வாரத்துக்கு வாரம் ஏறும்.

நீர்ப்பூ

கல்லை வெளியே எடுத்து, துடைச்சு, நல்லாக் காய விட்டு வினிகர் ரெண்டு சொட்டு விடுங்க. வினிகர் வலு குறைஞ்சது, சும்மா மேல விட்டா சில கல்லில் ஒண்ணுமே தெரியாது. கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடி மேல விட்டு, கிட்டத்துல வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. குட்டிக் குட்டிக் குமிழா பொங்கும். காதுகிட்ட வச்சா மெல்லிசா ஒரு சத்தம்கூட கேட்கும்.

புதுத்தொட்டி

அக்கா, பொங்குது! நாலு கல்லில் மூணு. வெள்ளைக் கோடு ஓடுற இடத்துல நல்லாவே பொங்குது. எடுத்து வெளிய வச்சுட்டேன். 40 சதவீதம் மாத்தியாச்சு, அம்மோனியா 0.25. மிச்சம் 7 மீனும் இருக்கு.

கெளுத்தி

ஒரு சந்தேகம். வீட்டுக் குழாய் வரிசையில் மென்னீராக்கும் கருவி இருக்கு, உப்புக் கட்டி போட்டு ஓட்டுறது. அதில் வர்ற தண்ணியை அப்படியே தொட்டிக்கு விடலாமா? ஜிஎச் டெஸ்ட் பண்ணினா முதல் சொட்டிலேயே பச்சையாயிடுது.

நீர்ப்பூ

வேண்டாங்க. அந்தக் கருவி ஒரு கால்சியத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு சோடியத்தைத் தண்ணியில விடுது. துணி துவைக்க, குளிக்க அது போதும். தொட்டிக்குப் பார்த்தா டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கேஎச்சும் குறையாது, பிஎச்சும் அப்படியே. ஜிஎச் மட்டும் பூஜ்யமா தெரியும். கருப்பு நீரில் (இலை ஊறி டீ நிறமான மென்னீரில்) வளர்ற மீனுக்கு வேணும்கிறது மொத்தமா உப்புக் குறைஞ்ச தண்ணி. சோடியம் நிறைஞ்ச தண்ணி அதுக்கு உதவாது. செடிகளுக்கும் கால்சியம், மக்னீசியம் இல்லாம புது இலை சுருண்டு வரும். கருவிக்கு முன்னாடி இருக்கிற குழாயில பிடிச்சுக்கோங்க.

சிக்லிட்பித்தன்

எல்லாரும் தண்ணியை மாத்துறதைப் பத்தியே பேசுறீங்களே, மீனை மாத்துறதைப் பத்தி யாரும் பேசலையே! என் குழாயில் ஜிஎச் 20. பதினாலு வருஷமா ஆர்ஓ இல்லாம மீன் வளர்க்கிறேன். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் எல்லாம் இந்தத் தண்ணிக்காகவே பிறந்த மாதிரி இருக்கும். மோலியை மென்னீரில் வச்சா துடுப்பை மடக்கிக்கிட்டு அசைஞ்சுக்கிட்டே நிக்கும், உப்புத் தண்ணிக்கு மாத்தினா தெளிஞ்சிடும். மலாவி ஏரி, டாங்கனிக்கா ஏரி சிக்லிட்களுக்குக் கடினமான காரத்தண்ணிதான் சொந்த ஊர். டாங்கனிக்காவில் பிஎச் 9-ஐ ஒட்டியே இருக்கும். ஆஸ்திரேலிய ரெயின்போ மீன்களிலும் நிறைய வகை இந்தத் தண்ணியில நிறம் கட்டும். நத்தைக்கும் ஓடு கெட்டியா இருக்கும், மென்னீரில் அரிச்சுப்போகும்.

வாரா வாரம் கலவை கலக்கிக்கிட்டு இருக்கிறதுக்கு, வர்ற தண்ணிக்கு ஏத்த மீனைத் தேடுங்க. தண்ணியோட சண்டை போடாம வளர்க்கிற சந்தோஷம் தனி.

செதில்

சிக்லிட்பித்தன் சொல்றதில் நியாயம் இருக்கு. ஆனா கார்டினல் 16 டிகிரியில வாழாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். என் கண்ணு முன்னாடி மூணு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. மெதுவாப் பழக்கினா மீன் பழகிடும்.

ஆழ்நீர்

செதில், உங்கள் மீன்களை நான் மறுக்கவில்லை. வளர்ந்த மீன் பல அளவுகளைத் தாங்கும். பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்த நியான் டெட்ராவும் ஏஞ்சல் மீனும் ஜிஎச் 15 டிகிரியில் நன்றாகவே இருக்கும். ஆனால் கடைக்கு வரும் கார்டினலில் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றிலிருந்து பிடித்து வருவதும் உண்டு. அந்த ஆற்று நீரில் கரைந்த உப்பு என்று சொல்ல ஏதுமில்லை, பிஎச் 5-ஐ ஒட்டியே இருக்கும். அங்கிருந்து வந்து களைத்த மீனை நேராக ஜிஎச் 22 டிகிரியில், அம்மோனியா உள்ள தொட்டியில், நாள்தோறும் ஏறி இறங்கும் பிஎச்சில் விட்டால் எது தாங்கும்?

தாங்குவது வேறு, பெருகுவது வேறு. நான் கார்டினலையும், ஏபிஸ்டோகிராமா என்ற குள்ளச் சிக்லிட் மீனையும் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்பட்டு இரண்டு வருடம் கடின நீரிலேயே முயன்றேன். முட்டையிடும். மறுநாள் மாலைக்குள் ஒவ்வொன்றாக வெள்ளையாகும். ஏபிஸ்டோ தாய் குகைக்குள் நின்று விசிறிக்கொண்டே இருப்பாள், வெளுத்த முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பாள். ஜிஎச் 3, கேஎச் 1 உள்ள தண்ணீருக்கு மாற்றிய முதல் தடவையிலேயே குகைக்கூரையில் வால் துடிக்கும் குஞ்சுகளைப் பார்த்தேன். அதே ஜோடிதான். அன்றிலிருந்து குஞ்சு பொரிக்கும் தொட்டிக்கு மட்டும் மென்னீர், மற்ற தொட்டிகளுக்குக் குழாய்த் தண்ணீர் என்று பிரித்துவிட்டேன்.

புதுத்தொட்டி

கப்பிக்கு மாறலாம்னு யோசிச்சேன். ஆனா இந்த 7 மீனையும் கைவிட மனசு வரல. இதுங்களை நல்லா வச்சுக்கணும். குடிக்கிறதுக்கு வீட்டில் ஆர்ஓ இருக்கு. அந்தத் தண்ணியை மட்டும் விட்டா போதுமா?

ஆழ்நீர்

தனி ஆர்ஓ வேண்டாம். அதில் கேஎச் இல்லை. ஃபில்டரில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கேஎச்சைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், தாங்கும் சக்தி இல்லாத தண்ணீரில் பிஎச் சரிந்துவிடும். கலந்து விடுங்கள், கணக்கு எளிது. 1 பங்கு குழாய், 2 பங்கு ஆர்ஓ என்றால் ஜிஎச் 18 மூன்றில் ஒன்றாகி 6, கேஎச் 12 மூன்றில் ஒன்றாகி 4. கார்டினலுக்கு இது போதும், பிஎச்சும் தானாக 7-லிருந்து 7.5-க்குள் வந்து நிற்கும். ஆர்ஓ சவ்வு பழசானால் உப்பை விட்டுவிடும், அதனால் அதன் டிடிஎஸ்ஸை மாதம் ஒரு தடவை பாருங்கள். இங்கே டிடிஎஸ் மீட்டர் மிக உதவும். 540 உள்ளே போய் 25, 30 வெளியே வந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது. சில குடிநீர்க் கருவிகளில் கடைசியில் தாது சேர்க்கும் குப்பி இருக்கும், அதற்கு முன்னால் பிடியுங்கள்.

ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மீனின் உடல் தன் உப்பையும் தண்ணீரையும் சமன் செய்ய நேரம் வேண்டும். வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 சதவீதம், அதாவது 24 லிட்டர். 8 குழாய், 16 ஆர்ஓ. கலவையை முந்தைய நாளே வாளியில் கலந்து காற்றுக்கல் போட்டு வையுங்கள். நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும், குழாயைத் திறந்தவுடன் பார்க்கும் பிஎச் உண்மையை விடக் குறைவாகத் தெரியும். ஒரு நாள் காற்றோட்டத்துக்குப் பின்தான் சரியான எண் வரும். வற்றும் தண்ணீருக்கு மட்டும் தனி ஆர்ஓ ஊற்றுங்கள்.

கெளுத்தி

ஆர்ஓ இல்லாதவங்க மழைத் தண்ணியைக் கலக்கலாமா?

நீர்ப்பூ

தாராளமா. மழைத் தண்ணி ஏறக்குறைய ஆர்ஓ மாதிரிதான், ஜிஎச் கேஎச் ரெண்டும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். முதல் மழையைப் பிடிக்காதீங்க, கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதோட வரும். ஒரு பத்து இருபது நிமிஷம் நல்லாப் பெய்ஞ்ச பிறகு பிடிங்க. தாமிரம், துத்தநாகத் தகடு, தார் பூசின கூரை வேண்டாம், இறால் வச்சிருக்கிறவங்க முக்கியமா கவனிக்கணும். தாமிரம் கொஞ்சம் இருந்தாலே இறால் போயிடும். பிடிச்சதைக் கரி ஃபில்டரில் ஓட்டி, மூடி, இருட்டில் வைங்க. மழை இல்லாத மாசங்களில் என்ன பண்றதுன்னு இப்பவே யோசிச்சுக்கோங்க. கைவசம் தண்ணி தீர்ந்து திடீர்னு குழாய்த் தண்ணிக்குத் தாவினா மீன்தான் கஷ்டப்படும்.

செடி வச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. கடினத் தண்ணியில் வாலிஸ்னேரியா பிரமாதமா வரும், அது பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கும். நல்ல வெளிச்சத்தில் இலை மேல சொரசொரப்பா வெள்ளைப் படிவம் தெரிஞ்சா பயப்படாதீங்க, அது அப்படி எடுத்ததின் அடையாளம். இரும்புச்சத்து உரம் மட்டும் பார்த்து வாங்குங்க. இரும்பைக் கரைஞ்ச நிலையில் பிடிச்சு வைக்க ஒரு பொருளைச் சேர்ப்பாங்க. அதில் இடிடிஏ கட்டின இரும்பு இந்த பிஎச்சில் சீக்கிரம் பிரிஞ்சு வீணாகும், டிடிபிஏ கொஞ்சம் தாங்கும். புது இலை மஞ்சளா வருதுன்னு உரத்தைக் கூட்டிக்கிட்டே போறவங்க முதல்ல உர பாட்டிலின் பின்பக்கத்தைப் படிங்க.

புதுத்தொட்டி

ஆறு வாரம் கழிச்சு வர்றேன். சொன்னபடி வாரம் ரெண்டு தடவை மாத்தினேன், மொத்தம் 12 தடவை. இன்னைக்கு ஜிஎச் 7, கேஎச் 4, டிடிஎஸ் 220. பிஎச் காலையிலயும் ராத்திரியும் 7.4. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம். நடுவுல, ரெண்டாவது வாரத்துல ஒரு மீன் போச்சு, அதுக்கு முதல்லேர்ந்தே வயிறு ஒட்டியிருந்தது. மிச்சம் 6.

விளக்கை அணைச்சுட்டு அரை மணி கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஆறும் மரவேர் அடியில் ஒண்ணா நின்னுச்சு, நீலக்கோடு மட்டும் மின்னுச்சு. காலையில சிவப்பு வால்வரைக்கும் முழுசா இருக்கு. இன்னும் 6 சேர்க்கலாமா?

கண்ணாடியில் பழைய தண்ணி மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கு, தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.

நீர்ப்பூ

ரொம்ப சந்தோஷம்! வெள்ளைக் கோட்டுக்கு: தண்ணி மட்டத்தை ரெண்டு விரல் இறக்கி, வினிகரில் நனைச்ச துணியைக் கோட்டில் ஒட்டி அரை மணி வைங்க. அப்புறம் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினா வந்திடும், நனைஞ்ச துணியால் துடைச்சுடுங்க. வினிகர் சொட்டுச் சொட்டா தண்ணிக்குள் விழாம பார்த்துக்கோங்க, உங்க கேஎச் இப்ப 4தான்.

ஆழ்நீர்

புது மீன்களை வேறு தொட்டியில் மூன்று, நாலு வாரம் வைத்துப் பார்த்து, பிறகு சேருங்கள். கடைத் தொட்டியின் டிடிஎஸ்ஸை அங்கேயே மீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். அது 500, உங்களுடையது 220 என்றால் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரமாவது பழக்க வேண்டும். 6-ஐயும் ஒரே நாளில் சேர்க்காமல் மூன்று மூன்றாகச் சேருங்கள், ஃபில்டருக்கும் அவகாசம் கிடைக்கும்.

புதுத்தொட்டி

சரிண்ணா, அப்படியே செய்றேன். அந்த மூணு கல்லு சும்மா கிடக்கு, தூக்கிப் போட்டுடவா?

சிக்லிட்பித்தன்

தூக்கிப் போடாதீங்க! கழுவிக் காயவச்சு எடுத்து வையுங்க. என் மலாவி தொட்டி முழுக்க அந்தக் கல்லுதான், ஒவ்வொரு துளையிலும் ஒரு ஆண் மீன் இடம் பிடிச்சு வச்சிருக்கு. ரெண்டாவது தொட்டி வைக்கும்போது குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்துங்க, கல்லையும் அதிலேயே போடுங்க.